காரணம் எழுதாத பதிவேடு

ஜனவரி 9

அன்புள்ள என் மனைவிக்கு,

இங்கே நலம். உன் நலமும், மகள், மாப்பிள்ளை, பேத்தி நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் நாம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, கேஸ் சிலிண்டரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சரி, மகள்கிட்ட குடுக்கிறேன்" என்று முடித்துக்கொள்கிறோம். இந்தச் செய்தியை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அறுபத்தைந்து வயதில் வேலையா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. மூட்டுவாத நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனம் ஒன்று. என் பதவியின் பெயர் மருத்துவத் தொடர்பு அலுவலர். அதைக் கேட்டதும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஊரிலுள்ள டாக்டர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். எங்களிடம் உதவித் தொலைபேசி இருக்கிறது, கையேடுகள் இருக்கின்றன, நோயாளிகள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள், உங்களிடம் வருகிறவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். மூட்டு வலி என்று வருகிறவருக்கு முடக்குவாதமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நாள் கடத்தாமல் நிபுணரிடம் அனுப்பும்படியும் சொல்ல வேண்டும். டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டுமாம். ரயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. கதவுகளில் உருண்டைக் கைப்பிடி ஒன்றுகூட இல்லை. எல்லாம் முழங்கையால் அழுத்தினாலே திறக்கிற நீளப் பிடிகள். ஏன் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. நடத்துகிற அம்மாவின் கையைப் பார்த்த பிறகு புரிந்தது. அவரது விரல்கள் காற்றடித்த பயிர் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "காத்திருக்கத் தெரியுமா?" நான், "ரயில்ல இருந்தேம்மா" என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் சோதனைக் காலம்.

எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் விரல்கள் எப்படி இருக்கின்றன?

இப்படிக்கு,
உன் கணவன்


ஜனவரி 20

மணிக்கூண்டாருக்கு,

நலம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகும் 'அன்புள்ள என் மனைவிக்கு', 'உன் கணவன்' என்றுதான் எழுத வருகிறதா? உறையில் முகவரி இருக்கிறது. யார் யாருக்கு என்பது தபால்காரருக்குத் தெரிந்தால் போதும்.

சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன் என்றாள் பேத்தி. வேண்டாம் என்றேன். விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் இங்கத்திய டாக்டர். உங்களோடு சண்டை போடுவதைவிட நல்ல பயிற்சி ஏது? எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவருக்குப் பதில் சொல்வதற்கு இது மேல். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு ஊரில் எத்தனையோ இடம் இருக்கிறது. நூலகம் இருக்கிறது, சதுரங்கம் ஆடுகிற சங்கம் இருக்கிறது. இந்த இடத்துக்கு ஏன் போனீர்கள்? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

விரல்கள் அப்படியேதான். புதிய மாத்திரையில் வலி பாதி குறைந்தது. வளைந்தது வளைந்ததுதான்.

நான்


பிப்ரவரி 2

அன்புள்ள உனக்கு,

உன் எழுத்து நன்றாகவே இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் பேனா வழுக்கியிருக்கிறது. அங்கே வலித்ததா?

மூன்று வாரத்தில் பதினேழு டாக்டர்களின் வாசலுக்குப் போனேன். உள்ளே போனது நாலு பேரிடம். காத்திருக்கும் இடத்தில் மருந்துக் கம்பெனிப் பையன்கள் டை கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். நானும் ஒரு தோல்பையோடு கடைசியில் நிற்கிறேன். "சார் எந்தக் கம்பெனி?" என்றான் ஒருவன். கம்பெனி இல்லை என்றேன். "அப்ப என்ன மருந்து?" மருந்தும் இல்லை என்றேன். "ஒண்ணுமே இல்லாம இவ்வளவு நேரம் நிக்கறீங்களே, எங்க மேனேஜர் பாத்தா எங்களைத் தள்ளிட்டு உங்களைச் சேத்துக்குவார்" என்றான். நல்ல பையன்தான். அவனுடைய இடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்தான்.

இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன். பெரிய தெரு முனையில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்ளும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அங்கே வரவேற்பில் இருந்த பெண் என் நரைமுடியைப் பார்த்துவிட்டு ஒரு டோக்கனைக் கையில் திணித்தாள். முறை வந்து உள்ளே போனேன். "எந்த முட்டி?" என்றார். விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் "கட்டில்ல ஏறுங்க" என்றார். ஏறிவிட்டேன். அந்த நேரத்தில் மறுப்பது மரியாதையில்லை என்று பட்டது. இரண்டு முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். "வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார். அப்போதுதான் பையிலிருந்து கையேட்டை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடி பார்த்தார். பிறகு பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசினார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஊர் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

நடத்துகிற அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. அந்தப் பத்து நிமிஷத்தை ஒழுங்காகப் பேசினால் வேலையும் நிரந்தரமாகும். எனக்கு இப்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "நோயைப் பத்தி அவங்களுக்கு நீங்க சொல்ல வேண்டாம். அவங்க படிச்சிருக்காங்க. ஆனா அவங்க பத்து மணிக்கு மேலதான் நோயாளியப் பாக்கறாங்க. காலை ஆறு மணி எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்க" என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடம் போதவில்லை.

இப்படிக்கு,
உன் மணிக்கூண்டு


பிப்ரவரி 10

மணிக்கூண்டாருக்கு,

முழங்கால் விஷயத்தைப் படித்து மகளும் நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

தாளின் பின்பக்கம் முழுதும் காலியாக இருந்தது.

நான்


பிப்ரவரி 24

அன்புள்ள உனக்கு,

பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை உதவித் தொலைபேசியில் உட்காருகிறவர் வரவில்லை. என்னை உட்காரச் சொன்னார்கள். ஒரு தையற்காரப் பெண் பேசினாள். "காலைல ஊசில நூல் கோக்க முடியலை சார். விரலு மரக்கட்டை மாதிரி நிக்குது. மத்தியானம் ஆனா தானா சரியாப்போகுது. அதனால வீட்ல நடிக்கிறேங்கிறாங்க" என்றாள். அந்த இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டு எழுத எங்கள் படிவத்தில் ஓர் இடம் உண்டு. கேட்டேன். "யார் சார் நேரம் பாத்தா?" என்றாள்.

தொலைபேசியை வைத்த பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் நேரம் பார்த்தவன்.

உனக்கு நினைவிருக்கும். வேலையில் இருந்தபோது வண்டித் தாமதப் பதிவேடு ஒன்று எழுதுவேன். வர வேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம், காரணம் என்று நாலு கட்டம். ஓய்வு பெற்ற மறுமாதம் எனக்கு எழுத வண்டி எதுவும் இல்லை. நீல அட்டை போட்ட நோட்டில் அதே நாலு கட்டம் கிழித்து, உன் காலைக் காபிக்கு ஆரம்பித்தேன். வர வேண்டிய நேரம் 6.10. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. 6.10க்குக் குடிக்க ஒரு அவசியமும் இல்லை.

நேற்று அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். பதினான்கு மாதம் விடாமல் எழுதியிருக்கிறேன். முதல் மாதம் தாமதம் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். நாலாவது மாதம் இருபது. எட்டாவது மாதம் முப்பது, முப்பத்தைந்து. நீ மகளோடு போவதற்கு முந்தைய வாரம் ஐம்பத்து மூன்று. படிப்படியாக ஏறுகிறது. உன் நோய் என் கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் இருக்கிற எந்தப் படிவத்திலும் இவ்வளவு துல்லியமாக இல்லை. முதல் ஆறு மாதத்துக்குள் டாக்டரிடம் போனால் விரல்கள் வளையாமல் காப்பாற்ற வழி உண்டு என்று இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். மகள் லீவுக்கு வந்தாள். நீ பால் பாத்திரத்தை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துத் தூக்குவதை ஒரே நாளில் பார்த்துவிட்டாள். நான் பதினான்கு மாதம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது கட்டம் முழுதும் காலி. காரணம் எழுதாத பதிவை என் மேலதிகாரி அன்றே திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு வண்டி ஏன் தாமதம் என்று கேட்க நாலு நிலையத்துக்குப் போன் போட்டவன், அடுக்களைக்குப் பத்தடி நடந்து வந்து கேட்கவில்லை.

ஏன் இந்த வேலைக்குப் போனேன் என்று கேட்டாய். நீ போய் நாலு வருஷமாகிறது. சிகிச்சைக்காக என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சிகிச்சை இங்கேயும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேறு என்ன காரணம் என்று உன்னிடம் கேட்கப் பயம். இங்கே உன்னைப் போன்றவர்களின் நடுவில் உட்கார்ந்தால் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

நோட்டைப் பதிவுத் தபாலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். இதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. கிழித்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

உன் மணிக்கூண்டு


மார்ச் 18

அன்புள்ள உனக்கு,

நோட்டு கிடைத்ததாகத் தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். மூன்று வாரமாக உன்னிடமிருந்து வரி இல்லை. போனில் மகள், "அம்மா எழுதிட்டு இருக்காங்கப்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அனுப்பியது தவறோ என்று தினமும் தோன்றுகிறது. தவறென்றால் மன்னித்துக்கொள்.

கூட்டத்தில் பேசுவதற்கு நாலு பக்கம் எழுதினேன். நடத்துகிற அம்மா படித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதைக் கேட்டா எனக்கே தூக்கம் வருது" என்றார்.

உன் மணிக்கூண்டு


மார்ச் 23

மணிக்கூண்டாருக்கு,

நோட்டு பார்சலில் வருகிறது. கிழிக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நான்காவது கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். எல்லா நாளும் நினைவில்லை. நினைவிருக்கிற நாட்களுக்கு மட்டும். ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு மேல் விரல் ஒத்துழைக்கவில்லை, அதனால்தான் தாமதம். காரணம் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா?

நீங்கள் கேட்கப் பயந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் உங்களை விட்டு வந்தது காபிக்காக அல்ல, நோட்டுக்காகவும் அல்ல. நோட்டு இருப்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். உங்கள் பைத்தியம் எனக்குப் பழக்கம். ஆனால் மகள் வந்திருந்தபோது அவள் எதிரில் அதைத் திறந்து, "இந்த மாச சராசரி நாப்பத்தெட்டு நிமிஷம்" என்று வாசித்தீர்கள். சிரித்துக்கொண்டுதான் வாசித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று காலை ரவிக்கைக் கொக்கி போட முடியாமல் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். இந்த மனிதர் நிமிஷத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை என்று தோன்றியது. வெந்ததைத் தின்று விதி வந்தால் போவோம் என்று இருந்திருக்கலாம். முடியவில்லை.

ஆனால் ஒன்று. நானும் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு நோட்டுப் போடுவீர்கள் என்று நினைத்தேன். அதில் பாதித் தப்பு என் கணக்கில் வையுங்கள்.

அந்த நாலு பக்கத்தை மடித்து மேஜைக் காலுக்குக் கீழே வையுங்கள். கூட்டத்தில் இந்த நோட்டைப் படியுங்கள். உங்கள் மூன்று கட்டத்தையும் நீங்கள் எழுதியபடியே படிக்க வேண்டும். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

நான்


ஏப்ரல் 6

அன்புள்ள உனக்கு,

கூட்டம் நேற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி மாடியில் நீண்ட அறை. இருபத்திரண்டு பேர். டீ வந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது. ஒருவர் போனிலிருந்து கடைசி வரை தலை நிமிரவில்லை. எழுந்து நோட்டைப் பிரித்தேன். "இது என் வீட்டுப் பதிவேடு. மூணு கட்டம் நான் எழுதினது. கடைசிக் கட்டம் என் மனைவி நாலு வருஷம் கழிச்சு எழுதினது" என்றேன். அதற்கு மேல் முன்னுரை வரவில்லை. படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 4. வர வேண்டியது 6.10. வந்தது 6.35. தாமதம் 25. காரணம்: டப்பா மூடி திறக்கவில்லை. பல்லால் திறந்தேன்.

மே 19. வந்தது 6.42. தாமதம் 32. காரணம்: குழாயைத் திருக முடியவில்லை. நீங்கள் குளித்து மிச்சம் வைத்த வாளித் தண்ணீரை மொண்டு வந்தேன்.

ஜூலை 8. வந்தது 6.50. தாமதம் 40. காரணம்: பால் கொட்டிவிட்டது. துடைத்தேன். மறுபடி காய்ச்சினேன்.

அந்த ஜூலை எட்டாம் தேதியை நான் அறிவேன். காபி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து இருமினேன். அதையும் அவர்களிடம் சொன்னேன்.

நேரத்துக்கு வந்த நாட்களுக்கும் நீ காரணம் எழுதியிருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பார்சலைப் பிரித்த அன்றே படித்துவிட்டேன். ஆனாலும் கூட்டத்தில் அந்த இடம் வந்தபோது வரியின் கீழே விரலை வைத்துத்தான் படித்தேன். ஆகஸ்ட் 2. வந்தது 6.10. தாமதம் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் நான் போட்ட 'சபாஷ்'. காரணம்: நாலு மணிக்கே எழுந்துவிட்டேன்.

நோட்டை மூடினேன். மூக்குக் கண்ணாடி டாக்டர் எழுந்தார். "இவங்க அன்னிக்கு என்கிட்ட வந்திருந்தா, காலைல இறுக்கம் இருக்கான்னு கேட்டிருப்பேன். இப்பல்லாம் ஆறு மணிக்குக் காபி போட்டுடறேன்னு சொல்லியிருப்பாங்க. நானும் இல்லைன்னு எழுதி, வலி மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு உட்காராமலே, "எத்தனை பேருக்கு அப்படி எழுதினேனோ" என்றார்.

அதன் பிறகு நான் எதையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவர்களே பேசினார்கள். கை வலி என்று வருகிறவரிடம், காலை வேலையை முடிக்க முன்பு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இப்போது எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கேட்பதாக முடிவு. அந்த இரண்டு கேள்வியையும் எங்கள் தொலைபேசி எண்ணையும் சின்ன அட்டையில் அச்சடித்துத் தரச் சொன்னார்கள். பதினெட்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். போனில் இருந்தவர் போடவில்லை. அவரை அடுத்த வாரம் போய்ப் பார்த்துக் காத்திருப்பேன்.

தையற்காரப் பெண்ணை நிபுணரிடம் அனுப்பிவிட்டோம். அவளுக்கு வலி தொடங்கி நாலாவது மாதம்தான். நேரத்தில் வந்துவிட்டாள்.

வேலை நிரந்தரம் என்று நடத்துகிற அம்மா காலையில் சொன்னார். அது பெரிதாகப் படவில்லை. எழுத நினைத்தது வேறு.

அடுக்களைக் குழாயை மாற்றியிருக்கிறேன். நீளப் பிடி, புறங்கையால் தள்ளினால் தண்ணீர் வரும். கதவுப் பிடிகளையும் மாற்றியாயிற்று. திருகு மூடி டப்பா ஒன்றும் வீட்டில் இல்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பியின் உயரம் சரியா என்று எனக்குச் சந்தேகம். அலுவலகத்தில் மூன்று பேரைக் கேட்டேன், மூன்று உயரம் சொன்னார்கள். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

சுற்றி வளைக்கிறேன், இல்லையா? வீட்டுக்கு வருகிறாயா? வா என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. வரவில்லை என்றாலும் உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீல நோட்டில் மீதிப் பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு முடித்துவிட்டேன்.

உன் மணிக்கூண்டு


ஏப்ரல் 15

என்னங்க,

கம்பி என் இடுப்புக்கு நாலு விரற்கடை மேலே இருக்க வேண்டும். என் இடுப்பு எவ்வளவு உயரம் என்று கேட்டு இன்னொரு கடிதம் போடாதீர்கள். வந்து நின்று காட்டுகிறேன்.

உங்களுக்கு ஆபீசில் மூன்று மாதம் சோதனைக் காலம் வைத்தார்கள் அல்லவா? நானும் அதே மூன்று மாதம் வைக்கிறேன். நிரந்தரமா என்பதைப் பிறகு சொல்வேன். மகள், "பாத்துக்கம்மா" என்றாள். மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துவிட்டார்.

காபி நீங்கள்தான் போட வேண்டும். எட்டு மணிக்குக் கொடுத்தாலும் குடிப்பேன்.

வெள்ளிக்கிழமை வண்டி, காலை 6.10க்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. உங்கள் பிரிவு போட்ட அட்டவணையாகத்தான் இருக்கும். வண்டி நேரத்துக்கு வந்துவிடும். நான் இறங்கத்தான் நேரமாகும். உட்கார்ந்தே வந்த முழங்கால் உடனே நிமிராது, காலை வேளை வேறு. கூட்டம் போகட்டும் என்று கடைசியில்தான் எழுந்திருப்பேன். பெட்டியின் வாசலில் நில்லுங்கள்.

கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

நான்